பத்து மீட்டர் இடம் போதும்

மெரினாவிலும் பெசன்ட் நகர் கடற்கரையிலும் தீவுத்திடல் பொருட்காட்சியிலும் ஊர்த் திருவிழாக்களிலும் பலூன் சுடும் கடை ஒன்று தவறாமல் இருக்கும். தட்டியில் வரிசை வரிசையாகப் பலூன்கள். எதிரே ஒரு பெஞ்சு. அதன்மேல் பெயின்ட் உரிந்த இரண்டு மூன்று ஏர்கன்கள். கடைக்காரர் குழலை மடக்கி, ஈயக் குண்டைக் கட்டைவிரலால் அழுத்தி, துப்பாக்கியை நிமிர்த்திக் கையில் கொடுப்பார். வாங்குகிறவர் யார், வயது என்ன, இதற்கு முன் துப்பாக்கியைத் தொட்டதுண்டா என்று யாரும் கேட்பதில்லை. பக்கத்திலேயே சுண்டல் வாங்கும் கூட்டம் நிற்கும். குறிமுனை வளைந்திருப்பதால் நேராகக் குறிவைத்தால் பக்கத்துப் பலூன் வெடிக்கும். அப்படியும் பாட்டி, பேரன், புதுமணத் தம்பதி, கல்லூரி மாணவிகள் என்று ஆள் மாற்றி ஆள் சுட்டுக்கொண்டே இருக்கிறார்கள். யாருக்கும் தயக்கமில்லை, பயமுமில்லை. தமிழ்நாட்டில் பரிந்துரையும் படிவமும் இல்லாமல் எந்தச் சாமானியரும் போய் நிற்கக்கூடிய துப்பாக்கி சுடும் இடம் கிட்டத்தட்ட இது ஒன்றுதான்.

அந்தக் கடையில் பத்துக்கு எட்டு பலூனை உடைத்துவிட்ட ஒரு பெண், இதை முறையாகக் கற்றுக்கொள்ள எங்கே போவது என்று வீட்டில் கேட்டால் என்ன பதில் சொல்வார்கள்? சென்னை, கோவை, திருச்சி என்றால் விசாரித்துப் பார்க்கலாம். அரியலூரிலோ தேனியிலோ நாகப்பட்டினத்திலோ இருக்கும் குடும்பத்துக்கு அது விசாரிக்கக்கூடத் தோன்றாத கேள்வி. கேரம் விளையாட மனமகிழ் மன்றம் உண்டு. வாலிபாலுக்குத் தெருமுனையிலேயே வலை கட்டியிருக்கிறார்கள். இறகுப்பந்துக்கு உள்ளரங்கம் வந்துவிட்டது. இந்தியாவுக்கு இதுவரை ஏழு ஒலிம்பிக் பதக்கங்களை வாங்கித் தந்த துப்பாக்கி சுடுதலுக்கு மட்டும் வீட்டுப் பக்கத்தில் இடமில்லை. 2023-இல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம் அணி 7 தங்கம் உட்பட 22 பதக்கங்களை அள்ளிக்கொண்டு வந்த விளையாட்டு இது. ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும், மாநகராட்சிகள் என்றால் ஒவ்வொரு மண்டலத்திலும், யார் வேண்டுமானாலும் உள்ளே போய்க் கற்றுக்கொள்ளக்கூடிய பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் ரேஞ்ச் ஒன்றை உள்ளாட்சி அமைப்புகள் நடத்த வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

துப்பாக்கி சுடும் தளம் என்றதும் நம் மனத்தில் எழுவது ஊருக்கு வெளியே மலையடிவாரத்தில் சிவப்புக் கொடி கட்டிய போலீஸ் மைதானம். தோட்டா சுடுகிற 25 மீட்டர், 50 மீட்டர் பிரிவுகளுக்கும், வானத்தில் பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் டிராப், ஸ்கீட் பிரிவுகளுக்கும் அத்தகைய பரந்த இடம் வேண்டியதுதான். பத்து மீட்டர் ஏர் ரைஃபிளும் ஏர் பிஸ்டலும் வேறு ரகம். ஒருவர் நிற்க ஒரு மீட்டர் அகலம், அவருக்கும் டார்கெட்டுக்கும் இடையே பத்து மீட்டர், பின்னால் பயிற்சியாளர் நடமாடக் கொஞ்சம் இடம். ஒரு நடுத்தரக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் சுடலாம். காற்றழுத்தத்தால் பாயும் 4.5 மில்லிமீட்டர் பெல்லட் அரை கிராம் எடைதான். வெடிமருந்து கிடையாது, காதைப் பிளக்கும் சத்தமும் இல்லை. ஏர் ரைஃபிள் டார்கெட்டின் நடுவில் பத்துப் புள்ளி தரும் வெள்ளைப் பொட்டின் விட்டம் அரை மில்லிமீட்டர். பாய்கிற பெல்லட்டே அந்தப் பொட்டைப்போல ஒன்பது மடங்கு அகலம் என்றால், அதில் பட வைப்பதற்கு எவ்வளவு நிதானம் வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மூச்சை அடக்கி, இரண்டு இதயத் துடிப்புகளுக்கு நடுவே விசையை அழுத்தும் இந்த வித்தைக்கு உடல் பலம் இரண்டாம் பட்சம். உயரமும் வயதும் பாலினமும் இதில் பெரிய தடைகள் ஆவதில்லை. பள்ளி ஆசிரியைக்கும் ஓய்வுபெற்ற குமாஸ்தாவுக்கும் பதினான்கு வயதுச் சிறுமிக்கும் ஒரே வரிசையில் இடமுண்டு. இத்தனை பேருக்குப் பொருந்தும் உள்ளரங்க விளையாட்டுகள் அதிகமில்லை.

இவ்வளவு சின்ன இடம் போதும் என்றால் ஏன் இது பரவவில்லை? இந்த விளையாட்டு நம் நாட்டில் வளர்ந்த வழி அப்படி. நெடுங்காலம் இது அரண்மனையிலும் ராணுவ முகாமிலும் மட்டுமே இருந்தது. ஐந்து ஒலிம்பிக்கில் பங்கேற்ற கர்ணி சிங் பிகானீர் மகாராஜா. ரந்தீர் சிங் பாட்டியாலா அரச குடும்பம். 2004-இல் ஏதென்ஸில் வெள்ளி வென்ற ராஜ்யவர்தன் சிங் ராத்தோரும் 2012-இல் லண்டனில் வெள்ளி வென்ற விஜய் குமாரும் ராணுவத்தினர். 2008-இல் பெய்ஜிங்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவுக்கு அவருடைய தந்தை வீட்டிலேயே ரேஞ்ச் கட்டிக் கொடுத்திருந்தார். நம் பக்கத்தில் பாரீஸ் ஒலிம்பிக் வரை போன டிராப் வீரர் பிருத்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டை அரச குடும்பத்தவர். இவர்களுடைய உழைப்பைக் குறைத்து மதிப்பிட யாருக்கும் உரிமையில்லை. ஆனால் பொது ரேஞ்ச் இல்லாத ஒரு நாட்டில் சொந்தமாக இடம் வைத்திருப்பவரும், அரசாங்கமே கையில் துப்பாக்கி கொடுத்தவரும்தான் முன்னுக்கு வர முடியும். அப்படித்தான் நடந்தது.

அந்த நிலையை மாற்றியது டெல்லியில் 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டிய பெரிய ரேஞ்ச் அன்று. உத்தரப் பிரதேசத்திலும் ஹரியாணாவிலும் கிராமங்களுக்கு நடுவே முளைத்த சாதாரணக் கூடங்கள். பாக்பத் மாவட்டத்தின் ஜோஹ்ரி கிராமத்து ரைஃபிள் கிளப்பை எடுத்துக்கொள்வோம். பேத்திக்குச் சுடக் கற்க ஆசை. கிளப்பிலோ எல்லாரும் பையன்கள். தனியே போகக் கூச்சம். துணைக்குப் போன பாட்டி சந்திரோ தோமர், அறுபதைத் தாண்டிய வயதில், சும்மா நிற்பானேன் என்று பிஸ்டலை எடுத்துச் சுட்டுப் பார்த்தார். பயிற்சியாளர் அசந்துபோனார். பிறகு நடந்தது சினிமாவாகவே வந்துவிட்டது. அவரோடு சேர்ந்து சுடத் தொடங்கிய பிரகாஷி தோமரின் மகள் சீமா தோமர், 2010 உலகக் கோப்பையில் டிராப் பிரிவில் வெள்ளி வென்றார். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பாட்டியின் துணிச்சலையே புகழ்கிறார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. ரேஞ்ச் அவர்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்தது. துணைக்கு வந்த கிழவி துப்பாக்கியைத் தொட்டபோது, உறுப்பினர் அட்டை எங்கே என்று யாரும் அதட்டவில்லை. இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் சந்திரோ தோமர் கடைசிவரை மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

இதே வரிசையில்தான் மற்றவர்களும். பாரீஸில் இரண்டு வெண்கலம் வென்ற மனு பாக்கர் படித்த ஹரியாணா கிராமப் பள்ளியிலேயே ரேஞ்ச் இருந்தது. 2018 ஆசிய விளையாட்டில் பதினாறு வயதில் தங்கம் வென்ற சௌரப் சௌத்ரி, மீரட் பக்கத்து விவசாயக் குடும்பம். பயிற்சி எடுத்தது பக்கத்து மாவட்டத்தில் பினௌலி என்ற ஊரின் எளிய ரேஞ்சில். பாரீஸ் ஒலிம்பிக்கில் பதக்கம் வென்ற ஸ்வப்னில் குசாலே கோலாப்பூர் மாவட்டத்துக் கிராமத்துப் பிள்ளை. மகாராஷ்டிர அரசின் விளையாட்டுப் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்துதான் துப்பாக்கி பிடித்தார். எல்லாவற்றையும்விட வலுவான சாட்சி அவனி லெகரா. 2012-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த அந்தச் சிறுமியைத் தந்தை அழைத்துப்போனது ஜெய்ப்பூரிலேயே ஜகத்புரா விளையாட்டு வளாகத்தில் இருந்த ரேஞ்சுக்கு. டோக்கியோ பாராலிம்பிக்கிலும் பாரீஸ் பாராலிம்பிக்கிலும் பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையைத் தினமும் எத்தனை கிலோமீட்டர் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு அலைய முடியும்? அவருடைய ஊரிலேயே ஒரு ரேஞ்ச் இல்லையென்றால் அந்தத் தங்கங்களும் இல்லை.

தமிழ்நாட்டுக் கணக்கைப் பார்க்கும்போதுதான் உறுத்துகிறது. லண்டனில் வெண்கலம் வென்ற ககன் நாரங் பிறந்தது சென்னையில். வளர்ந்து சுடக் கற்றது ஹைதராபாத்தில். ஏர் ரைஃபிளில் உலகின் முதலிடத்தைத் தொட்ட இளவேனில் வாலறிவன் பிறந்தது கடலூரில். துப்பாக்கி பிடித்தது அகமதாபாத்தில், அதுவும் நாரங் தொடங்கிய பயிற்சி மையத்தில். குடும்பங்கள் இடம்பெயர்ந்ததற்குக் காரணங்கள் வேறு; அதற்குத் தமிழ்நாட்டைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. ஆனால் இளவேனிலின் குடும்பம் கடலூரிலேயே இருந்திருந்தால் அவர் என்னவாகியிருப்பார் என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியவில்லை. மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இங்கே ஒன்றுமே இல்லை என்பது உண்மையன்று. 2023 கெய்ரோ உலகக் கோப்பையில் கலப்பு இரட்டையர் தங்கம் வென்ற நர்மதா நிதின் தமிழ்நாட்டு வீராங்கனை. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் போட்டி தமிழ்நாட்டில் நடந்தபோது துப்பாக்கி சுடுதலுக்கு வேளச்சேரி குருநானக் கல்லூரியின் ரேஞ்ச் களமானது. ஒரு கல்லூரி வளாகத்துக்குள் தேசியப் போட்டியே நடத்த முடிகிறது என்பது என் வாதத்துக்கு இன்னொரு ஆதாரம்.

இருக்கிற ரைஃபிள் கிளப்புகளில் பலவற்றுக்குக் காவல்துறையோடு நெருங்கிய பிணைப்பு உண்டு. திருச்சி ரைஃபிள் கிளப் ஆயுதப்படை மைதானத்தில் இயங்குகிறது. இதில் நியாயம் இருக்கிறது. இடம் அவர்களிடம் இருக்கிறது, ஆயுதங்களைப் பூட்டி வைக்கும் பழக்கமும் அவர்களிடம் இருக்கிறது. காவல் அதிகாரிகள் ஆர்வமெடுத்துத் தொடங்காவிட்டால் பல ஊர்களில் இந்த அளவுகூட நடந்திருக்காது. ஆனால் நம் ஊரில் ஒரு தாய் தன் பெண்ணை அழைத்துக்கொண்டு, சென்ட்ரி நிற்கும் கேட்டைத் தாண்டி, லாரிகள் நிற்கும் போலீஸ் மைதானத்துக்குள் நடந்து போய், “இங்கே துப்பாக்கி சுடச் சொல்லித் தருவீங்களாமே சார்” என்று கேட்பாரா? போலீஸ் ஸ்டேஷன் படியை மிதிப்பதையே தவிர்க்கிற சமூகம் இது. அந்த கேட்டைத் தாண்டினாலும் உறுப்பினர் சேர்க்கைப் படிவம், ஆண்டுச் சந்தா, முன்வைப்புத் தொகை என்று அடுத்தடுத்த வாசல்கள். 2022-இல் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டிக்கு நடிகர் அஜித்குமார் வந்தபோது வெளியே ரசிகர் கூட்டம் அலைமோதியது. அவர் பதக்கங்களும் வென்றார். அந்தக் கூட்டத்தில் நூற்றில் ஒருவருக்காவது, தலைவர் பிடித்த துப்பாக்கியை நாமும் பிடித்துப் பார்ப்போம் என்ற ஆசை வந்திருக்கும். மறுநாள் அந்த ஆசையோடு எங்கே போய் நிற்பது என்பதற்கு அவர்களுக்கு வழி சொல்ல யாருமில்லை. எந்த விளம்பரத்தாலும் வாங்க முடியாத அந்த வாய்ப்பு அப்படியே கலைந்து போனது.

வரவேற்கும் ரேஞ்ச் என்றால் என்ன என்பதை விளக்கமாகச் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் கட்டடத்தைக் கட்டி, கல்வெட்டைத் திறந்து, பூட்டுப் போட்டுவிடுவார்கள். வாசலில் தமிழில் பலகை இருக்க வேண்டும்: நேரம், கட்டணம், முதல்முறை வருகிறவர் என்ன கொண்டுவர வேண்டும் என்ற விவரங்களோடு. உறுப்பினராகாமலே ஒரு மணி நேரம் சுட்டுப் பார்க்க அனுமதி வேண்டும். அடையாள அட்டையைக் காட்டிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் போதும். துப்பாக்கி, கண்மறைப்பு, கோட்டு எல்லாம் அங்கேயே இரவல் கிடைக்க வேண்டும். இடது கைக்காரர்களுக்கு ஒன்றிரண்டு துப்பாக்கி தனியாக. பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு மாலை நேரம், வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறு. பெண் பயிற்சியாளர் ஒருவராவது, சுத்தமான கழிப்பறை, சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம். இவை சில்லறை விஷயங்களாகத் தோன்றலாம். ஆனால் ஒருவர் இரண்டாம் முறை வருவாரா மாட்டாரா என்பது டார்கெட் எந்த ஊர்த் தயாரிப்பு என்பதைப் பொறுத்ததில்லை. முதல் நாள் அவரிடம் எப்படிப் பேசினார்கள், கழிப்பறை எப்படி இருந்தது என்பதைப் பொறுத்தது.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு நியாயமானது, எளிதில் ஒதுக்க முடியாதது: துப்பாக்கியைப் பொதுமக்களிடம் பழக்கப்படுத்துவது வன்முறையை வளர்க்காதா? அமெரிக்காவைப் பார்க்கவில்லையா? அமெரிக்காவைப் பார்க்க வேண்டியதுதான். கூடவே கொரியாவையும் சீனாவையும் பார்க்க வேண்டும். பாரீஸ் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் அதிகத் தங்கம் வென்ற நாடு சீனா, ஐந்து. அடுத்தது தென் கொரியா, மூன்று. இரண்டிலும் தனியார் துப்பாக்கி வைத்திருப்பதற்குக் கட்டுப்பாடு மிகக் கடுமை. கொரியாவில் வேட்டைத் துப்பாக்கியைக்கூடக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து வைக்க வேண்டும். அந்த நாட்டில்தான் பான் ஹ்யோ-ஜின் என்ற பெண், 2021-இல் தோழி கூப்பிட்டாள் என்று பள்ளி நாளில் துப்பாக்கி பிடித்து, மூன்றே ஆண்டில் பதினாறு வயதில் ஏர் ரைஃபிள் தங்கம் வென்றாள். அமெரிக்காவின் துயரத்துக்கு வேர், மக்கள்தொகையைவிட அதிகமான துப்பாக்கிகள் வீடுகளுக்குள் இருப்பது. நான் கேட்கும் ரேஞ்சில் துப்பாக்கி நூலகத்துக் குறிப்புதவி நூலைப் போன்றது: அங்கேயே எடுத்து, அங்கேயே பயன்படுத்தி, அங்கேயே வைத்துவிட்டு வர வேண்டும். வீட்டுக்கு ஒரு திருகாணிகூடப் போகாது. நம் ஊர்க் குற்றச் செய்திகளில் வருவது அரிவாளும், கள்ளத்தனமாக வந்த நாட்டுக் கைத்துப்பாக்கியும். ஐந்தரைக் கிலோ வரை எடையுள்ள, தோள்பட்டைக்கு ஏற்பத் திருகித் திருகிச் சரிசெய்ய வேண்டிய போட்டி ஏர் ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு யாரும் கொள்ளையடிக்கப் போவதில்லை.

சட்டமும் இந்த வேறுபாட்டை அறிந்தே இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத குழல் விட்டமும் உள்ள ஏர்கன்னுக்கு உரிமம் தேவையில்லை. போட்டி ஏர் ரைஃபிளின் ஆற்றல் ஏழெட்டு ஜூல்தான். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தை 2019-இல் திருத்தி, ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்து, கொண்டாட்டத்தில் வானத்தை நோக்கிச் சுடுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியபோதுகூட விளையாட்டு வீரர்களுக்கான சலுகைகளை விட்டுவைத்தார்கள். ஆகவே நான் கேட்பதற்குச் சட்டத்தைத் தளர்த்த வேண்டியதில்லை. இன்னும் கடுமையாக்கினாலும் எனக்கு ஆட்சேபமில்லை. தோட்டா சுடும் .22 ரைஃபிளைப் பொது ரேஞ்சுக்குக் கொண்டுவரச் சொல்லவும் இல்லை. அது இப்போது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

ஆற்றல் குறைவு என்பதால் ஆபத்தே இல்லை என்றும் சொல்லக் கூடாது. வேகப்பந்து வீச்சாளர் மணிக்கு 140 கிலோமீட்டரில் வீசும் பந்தின் ஆற்றல் சுமார் 120 ஜூல். பெல்லட்டுக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் பெல்லட்டின் ஆற்றல் முழுவதும் ஒரு மிளகளவு இடத்தில் இறங்குகிறது. கண்ணில் பட்டால் கண் போய்விடும். அதனால்தான் ஒழுங்காக நடக்கும் ரேஞ்சில் ஒழுங்கே முதல் பாடம். பெட்டியிலிருந்து எடுத்த நொடியிலிருந்து துப்பாக்கியின் வாய் டார்கெட்டை நோக்கியே இருக்க வேண்டும். சுடாத நேரத்தில் குழலுக்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு நைலான் இழை நுழைந்து இரு முனையும் வெளியே தெரிய வேண்டும். அது தெரிந்தால் உள்ளே பெல்லட் இல்லை என்று அறையின் அடுத்த மூலையிலிருந்தும் பார்த்துக்கொள்ளலாம். ‘ஸ்டாப்’ என்று குரல் வந்தால் விசைமேல் இருக்கிற விரல் அந்தக் கணமே விலக வேண்டும். எல்லாரும் துப்பாக்கியைக் கீழே வைத்து இழையைச் செருகும்வரை ஒருவர்கூட கோட்டைத் தாண்டி முன்னே போகக் கூடாது. கடற்கரைக் கடையில் இதில் ஒன்றுமே கிடையாது. பலூன் பையன் தட்டிக்குப் பக்கத்திலேயே நின்று பலூன் கட்டிக்கொண்டிருப்பான். அதைப் பார்த்துப் பதறாதவர்கள், பயிற்சியாளரும் விதிகளும் தடுப்புச் சுவரும் உள்ள கூடத்தைப் பார்த்துப் பதறுவதில் பொருத்தமில்லை.

ஈயம் பற்றி யாரும் அதிகம் கேட்பதில்லை, கேட்க வேண்டும். பெல்லட் பெரும்பாலும் ஈயம். இரும்புத் தடுப்பில் மோதிச் சிதறும்போது நுண்தூள் உண்டாகிறது. குழந்தைகளுக்கு அது நல்லதில்லை. நல்ல காற்றோட்டம், பெல்லட்டைப் பிடித்துத் தேக்கும் பெட்டி, துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைப்பது, ரேஞ்சுக்குள் தின்பண்டத்துக்குத் தடை, வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவ ஒரு குழாய் ஆகியவை கட்டாயம். இந்தக் குழாயை வரைபடத்திலேயே போட்டுவிடுங்கள் என்று எந்த ஆணையரிடமும் மன்றாடத் தயார். பின்னால் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டால் அது வரவே வராது.

அடுத்த மறுப்பு பணம். இது பணக்காரர் விளையாட்டு. குடிநீருக்கும் சாக்கடைக்கும் காசில்லாத உள்ளாட்சி இதில் ஏன் இறங்க வேண்டும்? பணக்காரர் விளையாட்டாக இருப்பது உண்மை. ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் வரும் போட்டித் துப்பாக்கிகள் லட்சங்களில் விலை. தோல் கோட்டும் கால்சட்டையும் பூட்சும் சேர்ந்தால் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் ஆண்டுச் சேமிப்பு கரைந்துவிடும். ஆனால் பொது ரேஞ்ச் கூடாது என்பதற்கு இது காரணமாகாது. வேண்டும் என்பதற்கே இது காரணம். ஒரு துப்பாக்கியைப் பொதுவில் வைத்தால் ஒரு வாரத்தில் முப்பது நாற்பது பேர் அதில் கற்றுக்கொள்ளலாம். தொடக்கநிலைக்கு உள்நாட்டுத் தயாரிப்பே போதும். இடமும் ஏற்கெனவே இருக்கிறது: முகூர்த்தமில்லாத நாட்களில் பூட்டிக் கிடக்கும் சமுதாயக் கூடங்கள், மாணவர் எண்ணிக்கை குறைந்து காலியான பள்ளி வகுப்பறைகள், பழைய நகராட்சிக் கிடங்குகள். தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம் என்று ஒவ்வொன்றுக்கும் 3 கோடி ரூபாய் ஒதுக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசே அறிவித்துச் செயல்படுத்தி வருகிறது. அந்த வரைபடத்தில் பதினைந்து மீட்டருக்குப் பத்து மீட்டர் என்று ஓர் அறையைக் கூடுதலாகச் சேர்ப்பது மொத்தச் செலவில் பெரிய பங்காக இருக்காது. மின்னணு டார்கெட் பிறகு வரட்டும். கயிற்றுக் கப்பியில் போய்வரும் காகித டார்கெட்டிலேயே எத்தனையோ பேர் கற்றிருக்கிறார்கள்.

சொல்லித் தர ஆள் எங்கே என்று கேட்பவர்களுக்கு: ஒவ்வொரு மாவட்டத்திலும் ராணுவத்திலிருந்தும் துணை ராணுவத்திலிருந்தும் ஓய்வுபெற்று வந்தவர்கள் இருக்கிறார்கள், கல்லூரிகளில் என்சிசி அதிகாரிகள் இருக்கிறார்கள், தேசியப் போட்டிவரை போய், வேலை கிடைத்ததும் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துவிட்ட இளைஞர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சியும் சான்றிதழும் கௌரவமான மதிப்பூதியமும் கொடுக்க விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தால் முடியும். மாநிலத் துப்பாக்கி சுடும் சங்கமும் ரைஃபிள் கிளப்புகளும் இதைப் போட்டியாகக் கருதத் தேவையில்லை. நூறு பேர் சுட்டுப் பார்த்தால் ஐந்து பேர் தீவிரமாவார்கள். அந்த ஐந்து பேர் அடுத்து போய் நிற்பது கிளப்பின் வாசலில்தான்.

இன்னொரு கேள்வியும் வரும்: எத்தனை சாம்பியன்கள் வருவார்கள்? இதற்கு என்னிடம் எண்ணிக்கை இல்லை, சொல்லவும் மாட்டேன். மாநகராட்சி நீச்சல் குளத்தில் குளிக்கிறவர்களில் எத்தனை பேர் ஒலிம்பிக் போனார்கள் என்று யாரும் கணக்குக் கேட்பதில்லை. துப்பாக்கி சுட்டால் படிப்பில் கவனம் கூடும், மதிப்பெண் ஏறும் என்று சில பயிற்சி மையங்கள் விளம்பரம் செய்கின்றன. அந்த வாதமும் எனக்கு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு மணி நேரம் செல்போனை வெளியே வைத்துவிட்டு, அரை மில்லிமீட்டர் பொட்டைப் பார்த்தபடி அசையாமல் நிற்க ஒருவருக்குப் பிடித்திருக்கிறது என்றால், அதற்கு அவருடைய ஊரில் ஓர் இடம் இருக்க வேண்டும். பூங்காவுக்கும் நூலகத்துக்கும் நாம் சொல்லும் காரணம் இதற்கும் பொருந்தும். பதக்கம் வந்தால் வரட்டும்.

எல்லா மாவட்டங்களிலும் ஒரே நாளில் திறக்கச் சொல்லவில்லை. ஓர் ஊரில், ஒரு சமுதாயக் கூடத்தில், ஆறு வழித்தடங்களோடு ஓராண்டு நடத்திப் பாருங்கள். எத்தனை பேர் வந்தார்கள், அதில் பெண்கள் எத்தனை பேர், இரண்டாம் மாதமும் வந்தவர்கள் எத்தனை பேர் என்று பதிவேட்டை வெளியிடுங்கள். ஆள் வராவிட்டால் மூடிவிட்டு, கூடத்தைத் திரும்பவும் வளைகாப்புக்கு வாடகைக்கு விடலாம்; நஷ்டம் அதிகமிருக்காது. முதல் ஊர் எது என்று கேட்டால், இளவேனில் பிறந்த கடலூர் இப்போது மாநகராட்சி. அங்கிருக்கும் மாமன்ற உறுப்பினர்களில் யாராவது ஒருவர் அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும்.